கடைக்கால் இல்லாத வீடுகள்

எங்கள் ஊரில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "கடைக்கால் எத்தனை அடி?" என்றுதான். நாலடியில் கெட்டித் தரை வந்துவிட்டது, கருங்கல் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தால் கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. வீடு என்றால் ஊன்றி நிற்க வேண்டும். பேரன் காலத்திலும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

அண்டார்டிகாவில் இந்தக் கேள்வி செல்லாது. கண்டத்தை ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டி மூடியிருக்கிறது. ஓரங்களில் அந்தப் பனிக்கட்டி கடலின்மேல் மேடையாக நீண்டு மிதக்கிறது. மிதந்தபடியே கடலை நோக்கி நகர்ந்துகொண்டும் இருக்கிறது. மரம் கிடையாது. செங்கல் அறுக்க மண் கிடையாது. ஓர் ஆணி குறைந்தால் ஓடிப்போய் வாங்கி வரக் கடை கிடையாது. ஆகவே அங்கே எழுந்த வீடுகள் முதலிலிருந்தே வேறெங்கோ செய்யப்பட்டு, கழற்றப்பட்டு, கப்பலேறி, இறங்கிய இடத்தில் மறுபடி பூட்டப்பட்டவை. மாடுலர் வீடு என்று இன்று புதிதாகப் பேசுகிறோமே, அதன் பழைய வரலாறு அங்கே இருக்கிறது. 1899 பிப்ரவரியில் போர்ச்கிரெவிங்க் என்ற நார்வேக்காரரின் குழு, அடேர் முனையில் பென்குவின்கள் மொய்க்கும் கரையில் இரண்டு மரக்குடில்களைப் பூட்டி நிறுத்தியது. நார்வேயில் அறுத்துப் பொருத்திப் பார்த்துக் கொண்டுபோன மரம் அது. பத்துப் பேர் அந்த ஆண்டின் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். ஒரு கண்டத்தின் முதல் வீடுகள் என்று சொல்லத்தக்கவை உலகில் அவை மட்டும்தான். அவை இன்னும் நிற்கின்றன.

எல்லாரும் அவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1902-ல் பிரிட்டிஷ்காரரான ஸ்காட்டின் முதல் பயணம் கொண்டுபோன குடில் ஆஸ்திரேலியப் பாணியில் அமைந்தது. மூன்று பக்கமும் தாழ்வாரம். வெயிலிலிருந்து சுவரைக் காப்பாற்ற, வெப்ப நாட்டுக்காரன் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு. நமக்கும் நன்றாகத் தெரிந்த ஏற்பாடுதான். பல மாதம் சூரியனே தலைகாட்டாத ஊரில் அது என்ன செய்யும்? குடிலைச் சூடாக்கி மாளவில்லை. குழுவினர் பனியில் உறைந்து நின்ற தங்கள் கப்பலிலேயே குடியிருந்துவிட்டார்கள். குடில் சாமான் போடவும், நாடகம் போடவும் உதவியது. ஓரிடத்து வீட்டை இன்னோரிடத்துக்குத் தூக்கிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தாழ்வாரம் சாட்சி.

1911 ஜனவரியில் எவன்ஸ் முனையில் இறங்கியபோது ஸ்காட் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார். ஐம்பது அடி நீளம், இருபத்தைந்து அடி அகலம். இரட்டைப் பலகைச் சுவர். இரண்டு பலகைக்கும் நடுவே கடல்பாசி. உலர்ந்த கடல்பாசியைச் சணல் துணிக்குள் திணித்து, இலவம்பஞ்சு மெத்தை தைப்பதுபோல் தைத்துச் சுவருக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குளிரைத் தடுத்தது பாசியைவிட, அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கிடந்த காற்றுதான். நூறாண்டு கழித்தும் சுவர் என்ற பொருளின் அடிப்படை இம்மியும் மாறவில்லை: காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது.

மாறியது வேறொன்று. பழைய குடில்களில் குளிர் உள்ளே வர ஒரு ரகசிய வழி இருந்தது: ஆணி. மரம் குளிரைக் கடத்தாது, இரும்பு கடத்தும். உள்ளிருந்து வெளிப்பலகைவரை ஊடுருவிய ஓர் ஆணியின் தலை அறைக்குள்ளேயே உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஆட்கள் விடும் மூச்சு, அடுப்பில் கொதிக்கும் நீரின் ஆவி, காயப்போட்ட காலுறையின் ஈரம் எல்லாம் அந்தத் தலையில் போய் ஒட்டி வெண்குமிழாக உறையும். அடுப்பு எரியும்போது உருகிச் சொட்டும். கண்ணுக்குத் தெரிவது இது. தெரியாதது இதைவிட மோசம்: அதே ஈரம் பலகை இடுக்கு வழியாகச் சுவருக்குள் புகுந்து அங்கே உறைந்துபோனால், சுவருக்குள்ளிருக்கும் மெத்தை நனைந்த துணியாகிவிடும், அதற்குப் பிறகு அது குளிரைத் தடுக்காது.

இன்றைய சுவர் இந்த ஈரத்தோடுதான் முதலில் மல்லுக்கு நிற்கிறது. 2009-ல் திறக்கப்பட்ட பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் ஆய்வு நிலையத்தின் சுவரை அறையிலிருந்து வெளிநோக்கி உரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும். முதலில் கம்பளி ஃபெல்ட். அதன் பின்னால் அலுமினியப் பூச்சுள்ள தடித்த தாள். மூச்சின் ஈரம் இதைத் தாண்டக் கூடாது. பிறகு மரப்பலகை. அதற்கப்புறம் 40 சென்டிமீட்டர் கனத்துக்குப் பாலிஸ்டைரீன் நுரை. மறுபடி மரம், நீர்புகாத் தோல், மெல்லிய நுரைப்படலம், எல்லாவற்றுக்கும் வெளியே துருப்பிடிக்காத எஃகுத் தகடு. இந்த வீட்டில் அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. சாளரம் வழியே வரும் வெயில், கணினியும் விளக்கும் விடும் சூடு, உள்ளே இருக்கும் மனிதர்களின் உடல்சூடு, இவ்வளவுதான். ஒன்பது காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மின்சாரம் தருகின்றன. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இது கோடைக்கால நிலையம். குளிர்கால இருட்டில் ஆட்களைக் குடிவைத்துக் காப்பாற்ற வேண்டிய வீடுகளின் பாடு இன்னும் கடினம். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் எண்ணெய் எரித்துத்தான் பிழைக்கின்றன. 'பசுமை வீடு' என்று யார் சொன்னாலும், ஜூலையில் அங்கே ஆள் இருக்கிறாரா என்று நான் முதலில் பார்ப்பேன்.

இந்த நிலையத்தைக் கப்பலேற்றுவதற்கு முன், 2007 செப்டம்பரில், பிரசெல்ஸ் நகரிலேயே ஒருமுறை முழுசாகப் பூட்டி நிறுத்திப் பார்த்தார்கள். ஊர் மக்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு கழற்றிக் கட்டினார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அமுண்ட்சென் நினைவு வந்தது. தென் துருவத்தை முதலில் தொட்ட அந்த மனிதர், புறப்படுவதற்கு முன் நார்வேயில் கடலோரத்திலிருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு மரவீட்டைக் கட்டிப் பார்த்தார். 26 அடி நீளம், 13 அடி அகலம். ஓர் அறை, ஒரு சமையலறை. கட்டி முடித்ததும் பலகைகளுக்கெல்லாம் எண் போட்டுப் பிரித்து, கப்பலேற்றினார். நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு குழுக்களும் செய்தது ஒரே வேலை. போகும் இடத்தில் தவறு செய்ய இடமில்லை என்றால், தவறுகளையெல்லாம் வீட்டு வாசலிலேயே செய்து தீர்த்துவிட வேண்டும்.

ஃப்ராம்ஹைம் என்று பெயரிட்ட அந்த வீட்டை அவர்கள் 1911-ல் திமிங்கல விரிகுடாவில், ராஸ் பனிமேடையின்மேல் நிறுத்தினார்கள். பனியில் குழி தோண்டி இறக்கி, கம்பிவடங்களால் இழுத்துக் கட்டினார்கள். ஒன்பது பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வீட்டைச் சுற்றிப் பனி குவிந்தபோது அதை வெட்டி எறிவதை விட்டுவிட்டு, அதற்குள்ளேயே குடைந்து அறைகள் செய்தார்கள்: தச்சுப் பட்டறை, தையல் அறை, நீராவிக் குளியல் அறைகூட. பனிக்குள் காற்று புகாது. அந்தப் புத்திசாலித்தனத்தை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே பனி வீட்டை விழுங்கவும் செய்யும். அந்த உண்மைக்கு அடுத்த தலைமுறைகள் பெரிய விலை கொடுத்தன.

விலை கொடுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ட். 1934-ல் கடற்கரை முகாமிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே, ஒன்பதுக்குப் பதின்மூன்று அடியில் ஒரே ஒரு சிற்றறை. முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பனிக்குள் இறக்கிப் புதைத்தது. அதில் தனி ஆளாக வானிலை குறித்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் இருக்கத் துணிந்தார். வேலைக்குத் தக்க அளவு, கதகதப்பு, காற்றுப் புகாத கட்டு என்று காகிதத்தில் அது நல்ல வீடு. மே மாதக் கடைசியில் அவர் மயங்கி விழுந்தார். அடுப்பின் புகைக்குழாயிலும் ஜெனரேட்டர் இருந்த பனிக்குடைவின் காற்றுத்துளையிலும் உறைபனி அடைத்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தேங்கியிருந்தது. அடுப்பை எரித்தால் விஷம், அணைத்தால் குளிர். இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்குமேல் ஊசலாடினார். ஆகஸ்டில் மூன்று பேர் டிராக்டரில் வந்து காப்பாற்றினார்கள்.

இன்றைய துருவ வீடுகளில் காற்று உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒன்றையொன்று உரசிப் போகும்படி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேர்டின் அறைதான் ஞாபகத்துக்கு வரும். வெளியேறும் கெட்ட காற்று தன் சூட்டை உள்ளே வரும் நல்ல காற்றிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. மூச்சா சூடா என்று ஒருவன் தேர்ந்தெடுக்க வேண்டியிராத வீடு கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பனி ஏன் வீட்டை மூடுகிறது? வானத்திலிருந்து விழுவது கொஞ்சம்தான். காற்று தரையோடு வாரிக்கொண்டு வருவதுதான் அதிகம். வழியில் ஒரு தடை நின்றால் அதன் மறைவில் காற்று வேகம் குறையும். சுமந்து வந்ததை அங்கே கொட்டிவிட்டுப் போகும். தேரிக்காட்டில் முள்வேலி ஓரம் செம்மணல் ஏறுகிறதே, அதே கதை. தரையில் உட்கார்ந்த எந்த வீடும் தன் சமாதியைத் தானே கட்டிக்கொள்கிறது.

இதற்கு நல்ல சாட்சி பிரிட்டனின் ஹாலி நிலையம். 1956-ல் ப்ரண்ட் பனிமேடையில் தொடங்கியது. முதல் ஹாலி மரக்குடில், புதைந்தது. 1967-ல் இரண்டாவது, அதுவும் புதைந்தது. புதையத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, 1973-ல் மூன்றாவதைப் பெரிய எஃகுக் குழாய்களுக்குள் கட்டினார்கள். பத்து மீட்டருக்கும் கீழே அது அமிழ்ந்தபோது ஆட்கள் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் ஏணிவழி இறங்கி வீட்டுக்குப் போனார்கள். பனியின் கனம் குழாயையும் நசுக்கியது. பின்னாளில் பனிமேடை நகர்ந்து நகர்ந்து கடலைத் தொட்டபோது, விளிம்பின் பனிச்சுவரில் அந்த வீட்டின் எச்சம் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான்காவதும் அதே வழியில் போயிற்று. ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையை 1985-ல் உலகுக்குச் சொன்னார்களே, அந்த அளவீடுகளெல்லாம் இப்படிப் புதைந்துகொண்டிருந்த வீடுகளில் இருந்துகொண்டு எடுத்தவை.

நம் நாட்டின் முதல் நிலையமும் தப்பவில்லை. 1983-84-ல், ஹர்ஷ் குப்தா தலைமையேற்ற மூன்றாவது பயணம் பனிமேடையில் தட்சிண் கங்கோத்ரியைக் கட்டியது. ஒரே கோடைக்குள் கட்டி முடித்தது பெரிய சாதனை. அங்கே ஓர் அஞ்சலகம்கூட இருந்தது. சில ஆண்டுகளில் பனி அதை மூடியது, 1990-ல் கைவிட்டார்கள். அதற்குள் 1989-லேயே ஷிர்மாக்கர் பாறைவெளியில், பிரியதர்ஷினி ஏரிக்கரையில் மைத்ரி எழுந்துவிட்டது. பாறை கிடைத்த இடத்தில் பாறைமேல், தூண் நிறுத்தி. பத்தாண்டு தாங்கினால் போதும் என்று கட்டிய வீடு, முப்பதாண்டைத் தாண்டியும் குடித்தனம் நடக்கும் வீடாக இருக்கிறது.

தூண்தான் விடை. வீட்டைத் தூக்கி நிறுத்தினால் அடியில் நுழையும் காற்று குறுகிய வழியில் வேகமெடுத்து, கொண்டுவந்த பனியைத் தானே கூட்டித் தள்ளிவிடுகிறது. ஐந்தாவது ஹாலி எஃகுக் கால்களில் நின்றது. ஆண்டுதோறும் ஜாக்கி கொடுத்து உயர்த்தினார்கள். இருபதாண்டு அது புதையவில்லை. ஆனால் அதனால் நகர முடியாது. பனிமேடையோ நகர்கிறது. கடலோரத்தை நெருங்க நெருங்க, மேடை உடைந்தால் வீடும் போகும் என்ற நிலை.

ஆறாவது ஹாலிக்கு 2004-ல் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். ஹ்யூ பிராட்டன் என்ற கட்டடக்கலைஞரின் குழு வென்றது. இதுவரை மனிதர் கட்டிய வீடுகளில் என் மனம் அதிகம் திரும்பிப் போகும் வீடு அது. எட்டுப் பெட்டிகள். ஏழு நீலம், ஒன்று சிவப்பு. ரயில் பெட்டிகள்போல் வரிசையாகக் கோத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஹைட்ராலிக் கால்கள். ஒவ்வொரு காலுக்கும் பாதமாகப் பெரிய பனிச்சறுக்குப் பலகை. ஆண்டுக்கொரு முறை ஒரு காலை மடக்கித் தூக்குவார்கள், அடியில் புல்டோசரால் பனியைத் தள்ளி நிரப்புவார்கள், காலை இறக்குவார்கள், அடுத்த காலுக்குப் போவார்கள். எல்லாக் காலும் ஏறியதும் பெட்டி அந்த ஆண்டின் பனிக்கு மேலே நிற்கும். இடம் மாற வேண்டுமென்றால் கோவையைக் கழற்றி, ஒவ்வொன்றாக இழுத்துப் போகலாம். தீ பற்றினால் என்ன செய்வது என்றும் யோசித்திருக்கிறார்கள். ஈரப்பதமே இல்லாத அந்தக் காற்றில், தண்ணீர் எல்லாம் கட்டியாக உறைந்த ஊரில், தீதான் பேரச்சம். 2012-ல் பிரேசிலின் நிலையம் எரிந்து இருவர் இறந்தார்கள். ஹாலியில் பெட்டிகள் இரு பாதிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பாதி எரிந்தாலும் மறு பாதியில் மின்சாரமும் சூடும் படுக்கையும் இருக்கும்.

நடுவிலுள்ள சிவப்புப் பெட்டி எல்லாரும் கூடும் இடம். சாப்பாடு, பேச்சு, விளையாட்டு எல்லாம் அங்கேதான். அதனுள்ளே லெபனான் செடார் மரத்தை மெல்லிய தகடாக இழைத்து ஒட்டியிருக்கிறார்கள். காரணம் அந்த மரத்தின் மணம். மண் வாசனை கிடையாது, இலை வாசனை கிடையாது, மாதக்கணக்கில் சூரியன் கிடையாது என்ற இடத்தில், மூக்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! ஸ்காட்டின் குடிலில் அதிகாரிகளையும் மாலுமிகளையும் பிரித்து நின்றது சாமான் பெட்டிகளை அடுக்கிய சுவர். பதவியைப் பிரித்து வைத்துத்தான் அன்று மனதை ஒழுங்கில் நிறுத்த முடியும் என்று நம்பினார்கள். ஆனால் அன்றும் வேறு மாதிரி யோசித்தவர்கள் உண்டு. 1908-ல் ராய்ட்ஸ் முனைக் குடிலில், இன்னொரு பிரிட்டிஷ் பயணத்தின் தலைவரான ஷாக்கிள்டனின் ஆட்கள், சாமான் வந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளை உடைத்து அட்டையாக்கி, அந்தக் குளிரில் ஒரு புத்தகமே அச்சடித்துக் கட்டினார்கள். கொண்டுவந்த பெட்டியையும் வாழ்க்கைக்குப் பயன்படுத்துவது அங்கே பழைய வழக்கம்.

அந்த வழக்கத்தின் நீட்சியாகத்தான் நான் பாரதியைப் பார்க்கிறேன். லார்ஸ்மன் குன்றுகளில் 2012 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய நம் நிலையம். ஹாம்பர்க்கைச் சேர்ந்த பாஃப் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தார்கள். 134 கப்பல் கன்டெய்னர்கள். சாமான் வந்திறங்கிய கன்டெய்னரை ஓரமாகப் போட்டுவிட்டு வீடு கட்டவில்லை. அந்தக் கன்டெய்னர்களே வீடு. அவற்றை அடுக்கிக் கோத்து, காற்று வழுக்கிப்போகும்படி வெளியே ஓர் உறை போர்த்தி, தூண்களில் நிறுத்தினார்கள். மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் விடும் சூடு வீணாகாமல் அறைகளுக்குப் போகிறது. இஸ்ரோவின் மங்களா மணி 2016-17-ல் 403 நாட்கள் அங்கே இருந்துவிட்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 56.

கன்டெய்னராக வந்ததைக் கன்டெய்னராகவே திருப்பி எடுத்துப் போகவும் முடியும். இதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்பது என் எண்ணம். அன்று காலி டப்பாவும் எண்ணெய்ப் பீப்பாயும் உடைந்த சாமானும் வாசலிலேயே கிடந்தன, அல்லது கடற்பனிமேல் தள்ளப்பட்டு அது உருகும்போது மூழ்கின. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. குப்பையை எடுத்துப்போக வேண்டும். வேலை முடிந்தால் நிலையத்தையும் எடுத்துப்போக வேண்டும். தென் துருவத்தில் 1975 முதல் நின்ற அமெரிக்காவின் அலுமினியக் கவிகை மண்டபத்தை 2009-10-ல் கழற்றிக் கப்பலேற்றியபோது அந்த இடத்தில் மறுபடி வெறும் பனி. அந்தப் படத்தைப் பார்த்தபோது, ஒரு வீட்டை இடிப்பதில்கூட மரியாதை இருக்க முடியும் என்று தோன்றியது.

அமுண்ட்சென்னின் ஃப்ராம்ஹைமை இன்று பார்க்க முடியாது. அது நின்ற பனி உடைந்து, வீட்டோடு கடலுக்குப் போய்விட்டது.

ஹாலிக்கும் அந்த நாள் வந்தது. பல பத்தாண்டுகளாக உறங்கிக்கிடந்த ஒரு பெரும்பிளவு 2012-ல் மறுபடி அசையத் தொடங்கியது. நிலையம் பிளவுக்குக் கடற்பக்கம் நின்றது. 2016-17 கோடையில் கோவையைக் கழற்றினார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாக டிராக்டர் கட்டி இழுத்து, 23 கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய் மறுபடி கோத்தார்கள். அதற்கிடையே வேறொரு பக்கம் இன்னொரு விரிசல் திறந்ததால், இருட்டில் மீட்கப் போக முடியாது என்று 2017 முதல் குளிர்காலத்தில் ஆட்களை அங்கே வைப்பதில்லை. 2023 ஜனவரியில் அந்தப் பழைய பிளவு முழுதாக அறுந்தது. 1,550 சதுர கிலோமீட்டர் பனி, ஹாலி முன்பு நின்ற இடத்தையும் சேர்த்துக்கொண்டு, கடலில் மிதந்து போயிற்று.

நீலப் பெட்டிகள் உள்ளே பத்திரமாக நின்றன. இப்போது குளிர்காலத்தில் அவற்றில் யாரும் இல்லை. ஒரு சிறிய டர்பைன் மட்டும் தானாக ஓடி மின்சாரம் கொடுக்கிறது. கருவிகள் ஓசோனை அளந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கோடையில் ஆட்கள் வருவார்கள். காற்று கொட்டிவிட்டுப் போன பனியைப் பார்த்துவிட்டு, முதல் காலை மடக்குவார்கள்.